வள்ளுவநாடு எரிந்தது, பாலக்காடு ஏன் எரியவில்லை?

பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காட்டுக்குப் பேருந்தில் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். இன்று இரண்டும் ஒரே மாவட்டம். 1921இல் மண்ணார்க்காடு வள்ளுவநாடு வட்டத்தைச் சேர்ந்தது. அதன் அருகே குமரம்புத்தூரில் சீதிக்கோயா தங்ஙள் தம்மைக் கிலாபத் ஆட்சியின் ஆளுநராக அறிவித்துக்கொண்டார். பாலக்காடு வட்டத்திலோ அத்தகைய எழுச்சி வேரூன்றவே இல்லை. மலபார்க் கலகத்தின் காரணங்களை எழுதுவோர் பலர் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் கடந்துவிடுகின்றனர்.

நெடுங்காலக் காரணம் நிலம். 1792இல் மலபார் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. திருவிதாங்கூருக்கு ஓடியிருந்த ஜன்மிகள் திரும்பினர். கம்பெனியின் நீதிமன்றங்கள் அவர்களை நிலத்தின் முழு உடைமையாளர்களாகவே கொண்டன. முன்பு விளைச்சலில் ஜன்மிக்கும் காணக்காரனுக்கும் உழுபவனுக்கும் வழக்கப்படி பங்கு இருந்ததென்றும், ஆங்கில நீதிபதிகள் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டனர் என்றும் 1882இல் வில்லியம் லோகன் அரசுக்கே எழுதினார். மாவட்டத்தை ஆண்ட ஓர் அதிகாரியே இவ்வாறு எழுதியது சிறு செய்தியன்று. அதற்குள் காலம் கடந்திருந்தது. காணத் தவணை முடிந்ததும், அல்லது முடியுமுன்னரே, கூடுதல் பணம் தருபவனுக்கு ‘மேல்சார்த்து’ எழுதிக் கொடுத்துப் பழைய குடியானவனை வெளியேற்றுவது வழக்கமாகிவிட்டது. 1836 முதல் ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் மாப்பிள்ளைமாரின் தாக்குதல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1855இல் கலெக்டர் கனோலியே கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். 1887ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவன் செய்த மேம்பாடுகளுக்கு ஈடு தந்ததே தவிர, வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை.

ஆனால் இதே ஜன்மி முறைதான் பாலக்காட்டிலும் இருந்தது. அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களில் தமிழ்ப் பட்டர்களும் நாயர்களும் மிகுதி. வயலில் இறங்கியோர் பெரும்பாலும் செறுமர். பள்ளிவாசலும் தங்ஙளும் சேர்த்துக் கட்டிய மாப்பிள்ளைக் குடியானவர் சமூகம் அங்கே அடர்த்தியாக இல்லை. குறை எங்கும் உண்டு. அதைச் சுமந்து எழுவதற்கான கட்டமைப்பு எங்கும் இல்லை என்பதே என் வாசிப்பு.

குறுங்காலக் காரணங்கள் பதினாறே மாதங்களுக்குள் அடங்குபவை. 1920 ஏப்ரலில் மஞ்சேரி மாநாடு குத்தகைச் சீர்திருத்தத்தைக் கோரியது. ஆகஸ்டில் காந்தியும் சௌகத் அலியும் கோழிக்கோட்டில் பேசினர். இஸ்தான்புல்லில் இருந்த கலீபாவின் நிலையும் ஏறநாட்டுக் குடியானவனின் பட்டயமும் ஒரே மேடையில் பேசப்பட்டன. 1921 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வந்த யாகூப் ஹசன் கைதானார். ஏப்ரலில் ஒற்றப்பாலம் மாநாட்டின்போது போலீசார் தொண்டர்களை அடித்தனர். ஆகஸ்டு தொடக்கத்தில் பூக்கோட்டூரில், நிலம்பூர் கோவிலகத்தின் துப்பாக்கித் திருட்டுப் புகாரின்பேரில் கைது செய்ய வந்த போலீசாரைக் கூட்டம் திருப்பி அனுப்பியது. 20ஆம் தேதி, அலி முஸலியாரைத் தேடி இராணுவம் திரூரங்காடிக்குள் புகுந்தது. மம்புறம் பள்ளிவாசல் இடிக்கப்பட்டதென்ற பொய்ச்செய்தி பரவிற்று. பின் நிகழ்ந்தவற்றுக்கு அந்த வதந்தியே போதுமாயிருந்தது.

குடியானவர் போர் என்று மட்டும் சொன்னால், கொல்லப்பட்ட ஏழை இந்துக்களும் கட்டாய மதமாற்றங்களும் கணக்கில் வாரா. மதக்கலவரம் என்று மட்டும் சொன்னால், மாப்பிள்ளைக் குடியானவர்களைத் திரட்டிய எம். பி. நாராயண மேனோன் ஏன் நெடுங்காலம் சிறையில் கிடந்தார் என்பது புரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு என்னிடம் கேட்போர் உண்டு. ஆவணங்கள் அதற்கு இடந்தரவில்லை.

அடக்குமுறை மட்டும் பாலக்காட்டைத் தொடாமல் செல்லவில்லை. நவம்பர் 19 அன்று இரவு, திரூரில் சுமார் 100 கைதிகளைச் சரக்குப் பெட்டி ஒன்றில் அடைத்துப் போத்தனூர் நோக்கி அனுப்பினர். வண்டி ஷொறணூரில் நின்றது. ஒலவக்கோட்டில், அதாவது இன்றைய பாலக்காடு சந்திப்பிலும் நின்றது. எங்கும் கதவு திறக்கப்படவில்லை. போத்தனூரில் திறந்தபோது பலர் மூச்சுத்திணறி இறந்துகிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் சுமார் 70 பேர்.