பிள்ளைப் பராமரிப்புத் தொகை

பிள்ளைப் பராமரிப்புத் தொகை என்பது, மணமுறிவு பெற்ற அல்லது பிரிந்து வாழும் பெற்றோரில் பிள்ளையை உடன் வைத்து வளர்க்காதவர், அதன் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்காகச் சட்டப்படி வழங்க வேண்டிய பணமாகும். மனைவிக்குரிய ஜீவனாம்சத்தினின்று இது வேறானது.

இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த இவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் தொடர்கிறது. மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது.

தமிழ் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் மும்பை சீத்தா கேம்ப் போன்ற பகுதிகளுக்கு, 1997ஆம் ஆண்டு நூர் சபா காத்தூன் வழக்குத் தீர்ப்பு முக்கியமானது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக்கு இரண்டு வயது வரை மட்டுமே தொகை குறித்தபோதும், 125ஆம் பிரிவின்கீழ் பிள்ளைகளுக்குள்ள தனி உரிமை அதனால் குறையாது என உச்ச நீதிமன்றம் அதில் விளக்கியது.

தினக்கூலி பெறுவோரிடம் சம்பளச் சீட்டு இராததால் வருமானத்தை மெய்ப்பிப்பது கடினம். ரஜ்னீஷ் எதிர் நேகா (2020) தீர்ப்பு, இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாண வாக்குமூலத்தில் தெரிவிக்கவும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை வழங்கவும், பள்ளிக் கட்டணத்துடன் டியூஷன் போன்ற நியாயமான செலவையும் கணக்கில் கொள்ளவும் நெறிப்படுத்தியது. போதிய காரணமின்றித் தொகை செலுத்தாதவருக்கு, நிலுவையிலுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.