சாட்சியத்தில் கைவைக்காமல் படிவத்தைக் காப்பது எப்படி?

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயர், அவரைக் கடைசியாகக் கண்ட இடம், அறிவிப்பவரின் தொலைபேசி இலக்கம். இப்படியான விபரங்களை இணையப் படிவம் மூலம் கேட்கும் தளமொன்றைக் கண்டால், சுயாதீன ஊடகவியலாளராக நான் முதலில் கேட்பது இதைத்தான்: வந்து சேரும் எழுத்தை ஆசிரியரின் திரையில் காட்டும்போது சிறப்புக் குறிகளை மாற்றுகிறீர்களா?

இணையப் பக்கத்தில் எழுத்தும் கட்டளையும் கலந்தே உலாவிக்கு வருகின்றன. "<" குறியை அடுத்து ஆங்கில எழுத்தொன்று வந்தால், கட்டளை தொடங்குகிறது என்று உலாவி எடுத்துக்கொள்ளும். சாட்சியத்துக்குப் பதிலாக ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் துண்டொன்றை அனுப்பினால், ஆசிரியர் அதைத் திறந்தவுடன் அது அவருடைய உலாவியில், அவருக்குள்ள அனுமதிகளோடு இயங்கக்கூடும். அவர் பார்க்கக்கூடிய பெயர்களையும் இலக்கங்களையும் அதுவும் வாசித்து வெளியே அனுப்பலாம். கடவுச்சொல்லைத் திருட வேண்டியதுகூட இல்லை. இதற்குத்தான் கிறொஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர். தளத்தின் முகப்பை யாராவது குழப்பினால் திருத்திவிடலாம். சாட்சி சொன்னவர்களின் பட்டியல் வெளியே போனால் அதைத் திரும்பப் பெற முடியாது.

மாற்று எளியது. ஐந்து குறிகளுக்குப் பதில் அவற்றின் எண்ணை அனுப்ப வேண்டும்: < என்பதற்கு &#60; என்றும் > என்பதற்கு &#62; என்றும் & என்பதற்கு &#38; என்றும், இரட்டை மேற்கோளுக்கு &#34; ஒற்றை மேற்கோளுக்கு &#39; என்றும். திரையில் வாசகருக்குப் பழைய குறியே தெரியும். உலாவி அதைக் கட்டளையாக எடுக்காது. தமிழ் எழுத்துகளை மாற்ற வேண்டியதில்லை, பக்கம் யுடிஎப்-8 இல் இருந்தால் போதும். சில மென்பொருட்கள் "த" வை &#2980; என்று சேமிக்கின்றன. அதிலுள்ள & குறி மறுபடியும் மாற்றப்பட்டால் வாசகர் காண்பது எண்கூட்டம்தான். ஆகவே ஒரே ஒரு தரம், காட்டும் இடத்தில் மாற்றுவதே நல்லது.

ஆபத்தான சொற்களை வரும்போதே தடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மைஸ்பேஸ் அதைத்தான் செய்தது. "ஜாவாஸ்கிரிப்ட்" என்ற சொல்லையே அது நீக்கியது. சாமி கம்கார் என்ற இளைஞர் அந்தச் சொல்லை இரண்டு வரிகளாக உடைத்து எழுதினார். சில உலாவிகள் அதை ஒன்றாகவே வாசித்தன. 2005 ஒக்டோபர் 4 அன்று அவர் விட்ட நிரல், சுமார் 20 மணித்தியாலத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது.

நீக்குவதில் எனக்கு வேறொரு மறுப்பும் உண்டு. ஒரு தாய் "வயது <18" என்று எழுதினால், சில வடிகட்டிகள் அந்தக் குறிக்குப் பின்னால் வரும் அனைத்தையும் வெட்டிவிடும். அந்த வயதுதான் அங்கே முக்கிய தகவல். குறிகளை மாற்றும் முறையில் அவர் சொன்னது தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும்.

இந்த ஐந்து குறிகள் எல்லா இடத்துக்கும் போதாது. பக்கத்தின் உடலுக்கும், மேற்கோளுக்குள் அடைத்த பண்புக்கூறுகளுக்கும் மட்டுமே போதும். ஜாவாஸ்கிரிப்டுக்குள் வாசகரின் எழுத்தை இடுவதானால் அதற்குத் தனி விதி உண்டு; இடாமல் விடுவதே மேல். வாசகர் தரும் இணைப்புகளை எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் மட்டும் ஏற்க வேண்டும். பிஎச்பி 8.1 க்கு முந்தைய பதிப்புகளில், இதற்கான செயற்கூறு தனியாகச் சொல்லாவிட்டால் ஒற்றை மேற்கோளை மாற்றாது. பழைய வழங்கிகளில் இயங்கும் தளங்கள் இதைப் பார்க்க வேண்டும்.

தளம் உங்களுடையதானால் இன்றே சோதிக்கலாம். தடித்த எழுத்துக்கான எச்டிஎம்எல் குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லை எழுதிப் படிவத்தில் அனுப்புங்கள். ஆசிரியரின் பக்கத்தில் குறிகள் அப்படியே தெரிந்தால் அந்த இடம் சரி. சொல் தடித்துத் தெரிந்தால், திருத்தும்வரை படிவத்தை மூடி வையுங்கள்.