நெடுந்தீவுக் குதிரைகளின் வருங்காலம்

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி எழுதுவோர் பலர் அவற்றின் குள்ள உருவத்தைக் குறிப்பிட்டதோடு நின்றுவிடுகின்றனர். அவ்வுருவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது என் கருத்து.

போர்த்துக்கேயர் கொண்டுவந்தனவாகக் கருதப்படும் குதிரைகளை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவில் பெருக்கினர். அவர்களது குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் லெப்டினன்ட் நோலன் இவ்வளர்ப்பைத் தொடர்ந்தார்.

இளங்குதிரையை மதிப்பிடுவோர் பல்லைப் பார்த்து வயதறிவர். ஐந்து வயதளவில் நிலைப்பற்கள் நிறைந்துவிடும். பின்னர் மார்பின் அகலம், காலெலும்பு, குளம்பு, நடை ஆகியவற்றை நோக்குவர். நல்ல பரம்பரையில் பிறந்த குட்டியும் வளரும் பருவத்தில் தீனியும் நீரும் குறைந்தால் தேறாது. லாயம் இருந்தவரை எந்தக் குதிரை இனம் பெருக்குவது என்பதை வளர்ப்போர் தெரிந்தெடுத்தனர். அது கைவிடப்பட்ட பின்னர், முருகைக்கல் நிலத்தின் வறட்சி அவ்வேலையைச் செய்தது. குறைந்த தீனியில் பிழைக்கும் சிற்றுடல் நிலைத்தது.

கோடையில் இக்குதிரைகள் குடிநீரின்றி மடியும் செய்தி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. இங்கு பிறக்கும் குட்டி ஐந்து வயதைக் காணுமா என்பது, அருகிலுள்ள கேணியில் புரட்டாதி வரை நீர் நிற்பதைப் பொறுத்தது. இவற்றை நம் மரபுச் செல்வம் என்போர் முதலில் அக்கேணிகளைத் தூர்வார வேண்டும்.