நல்ல படம் எது? – பரிந்துரையின் வரலாறு

தென்காசி வட்டாரம் திரைப்படத்திற்கு அயலானது அன்று. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் நாயகிக்குச் சொந்த ஊராகக் கதையில் வருவது தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம். 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ படத்தின் பாடலொன்றுக்காக இப்பகுதிப் பாறைகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. நம் வயலையும் பாறையையும் நாடிப் படக்குழுக்கள் வருகின்றன. ஆயினும், வெளிவரும் படங்களுள் எதைப் பிள்ளைகளோடு பார்க்கலாம் என்ற கேள்விக்கு நம் இல்லங்களில் விடை எளிதாகக் கிடைப்பதில்லை. இக்கேள்வியைத் திருச்சபை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. அவ்வரலாறு நமக்குப் பயன்படும்.

1928இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அகில உலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு தோன்றியது. நல்ல படங்களை அறிந்து ஊக்குவிப்பது அதன் நோக்கம். அமெரிக்கக் கத்தோலிக்கர்களோ வேறு வழியில் சென்றனர். 1934இல் அங்குப் பரவிய ‘ஒழுக்கக் காப்புப் படை’ என்னும் இயக்கம், தீய படங்களைப் பார்ப்பதில்லை என்ற வாக்குறுதியை இலட்சக்கணக்கானோரிடம் பெற்றது. படங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டது. கண்டனத்திற்குரியவை இவை என அறிவித்தது. 1936 ஜூன் 29ஆம் நாள் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட ‘விஜிலாந்தி கூரா’ என்னும் சுற்றுமடல் அம்முயற்சியைப் பாராட்டியது. இருண்ட அரங்கில், மனம் தளர்ந்த நிலையில் அமர்ந்திருப்போரின் உள்ளத்தில் படம் ஆழப் பதிகிறது என்று எச்சரித்தது. நல்ல படங்கள் உருவாக உழைக்கவும் அழைத்தது.

விலக்கும் வழியின் வலிமையையும் எல்லையையும் ஒரே நிகழ்ச்சியில் காணலாம். இத்தாலிய இயக்குநர் ரொபேர்த்தோ ரொசெல்லீனியின் ‘அற்புதம்’ என்ற படம் 1950இன் இறுதியில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. பேதைப் பெண்ணொருத்தி தன்னை ஏமாற்றியவனைப் புனித சூசையப்பர் என நம்பிக் கருவுறும் கதை அது. கர்தினால் ஸ்பெல்மன் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். கத்தோலிக்கர்கள் அரங்கின் முன் மறியல் செய்தனர். படத்தின் உரிமம் நீக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. புனிதத்தைப் பழிப்பது என்ற காரணத்திற்காக ஒரு படத்தைத் தடைசெய்ய இயலாது என 1952இல் தீர்ப்பு வந்தது. விசுவாசிகளின் மனவேதனை பொய்யன்று. ஆயினும், அதே ரொசெல்லீனி ஏழைப் புனிதர் பிரான்சிஸ் அசிசியாரைப் பற்றி 1950இல் எடுத்த படம், பிற்காலத்தில் வத்திக்கானே பரிந்துரைத்த படங்களுள் ஒன்றாயிற்று.

இடையில் நிகழ்ந்த மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை பற்றி வெளியிட்ட சுற்றுமடல், பார்வையாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. மறு ஆண்டில், கடவுள் நம்பிக்கையற்ற மார்க்சியரான பசோலினி எடுத்த ‘மத்தேயு நற்செய்தி’ வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் விருதைப் பெற்றது. எடுத்தவர் எவர் என்பதை விட, எடுக்கப்பட்டது எத்தகையது என்று பார்க்கத் திருச்சபை கற்றுக்கொண்டது.

திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களின் பட்டியலை வெளியிட்டது. சமயம், மனித விழுமியம், கலை என ஒவ்வொன்றிலும் 15 படங்கள். ‘பென்ஹர்’ அங்கே உண்டு. சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ உண்டு. அட்டன்பரோவின் ‘காந்தி’யும் உண்டு. விலக்க வேண்டியவை எவை என்று அப்பட்டியல் கூறவில்லை.

தமிழ் மண்ணுக்கு இப்பரந்த பார்வை புதிதன்று. நாடக மேதை நவாப் இராஜமாணிக்கம் ‘இயேசுநாதர்’ நாடகத்தை மேடையேற்றினார். கத்தோலிக்க மக்களிடையே நாடகமாக வழங்கிய ஞானசௌந்தரி கதை 1948இல் சிட்டாடல் நிறுவனத்தால் படமாயிற்று. தயாரித்தவர் ஜோசப் தளியத், இயக்கியவர் எஃப். நாகூர், நடித்தவர்கள் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும். அதில் பி.ஏ. பெரியநாயகியும் ஜிக்கியும் பாடிய மாதா பாடல் சமய எல்லையைக் கடந்து ஒலித்தது. பல சமயத்தார் கைகோத்து ஆக்கிய அப்படத்தைப் பல சமயத்தாரும் கண்டு மகிழ்ந்தனர்.

ஆனால் பட்டியல் மட்டும் போதுமா? இங்கே குற்றாலம் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1954இல் மறையும்வரை குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே.சி., நல்ல கவிதை எது என்பதற்குப் பட்டியல் தந்து நின்றுவிடவில்லை. இராஜாஜி, கல்கி போன்ற நண்பர்களைச் சேர்த்து அமர்த்தி, பாடலை வாய்விட்டுப் பாடி, மீண்டும் பாடி, அதன் சுவையைக் கேட்போர் நாவில் ஏற்றினார். தாம் சுவைத்ததையே பிறருக்குப் பரிமாறினார். படத்தைப் பரிந்துரைப்பதும் அத்தகைய பணியே. ஒரு படத்தைப் பாராமலே விலக்கிவிடலாம். பாராமல் பரிந்துரைக்க முடியாது.

இன்று இதன் தேவை மிகுந்துள்ளது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்க படங்களை 7, 13, 16 வயதின்படி பிரிக்கிறது. முதிர்ந்தோர்க்கு மட்டுமான படத்திற்குச் சிறுவர் வந்தால் அரங்கின் வாயிலில் தடுக்க ஒருவர் நிற்பார். வீட்டில் அப்படி எவருமில்லை. பத்தாம் பத்திநாதருக்குப் பின்வந்தோர் அஞ்சிய இருண்ட அரங்கு, போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியாகச் சுருங்கிவிட்டது. தனியே பார்க்கும் பிள்ளைக்குத் தன் ஐயத்தைக் கேட்கவோ, அச்சத்தைப் பகிரவோ அருகில் ஆளில்லை. அந்த இடத்தில் பெற்றோர் அமர வேண்டும்.

அதனால் சிலவற்றை முன்மொழிகிறோம். விரிந்த மலையும் பெருங்கூட்டமும் காட்டும் படங்களுக்கு அரங்கே ஏற்றது, குடும்பமாகச் செல்லுங்கள். வீட்டில் பார்ப்பதற்கு, வேலைக்கு உயிர்நாடியான மிதிவண்டியைப் பறிகொடுத்த தந்தையையும் மகனையும் காட்டும் தெ சீக்காவின் ‘மிதிவண்டித் திருடர்கள்’ உண்டு. அது வத்திக்கான் பட்டியலிலும் உள்ளது. 1956இல் கான் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் சிறப்புப் பாராட்டைப் பெற்ற சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ உண்டு. தமிழில், வீடு கட்ட முனையும் எளிய குடும்பத்தின் அல்லலைச் சொல்லும் பாலு மகேந்திராவின் ‘வீடு’, சேரிச் சிறுவர் இருவரின் ஆசையைச் சொல்லும் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’, ஏலக்காய் மலைத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ ஆகியவை உண்டு. குற்றாலத்தில் அருவியாக விழும் நீரும் அம்மலைத் தொடரில் பிறப்பதே.

இவற்றைப் பெற்றோர் முதலில் பார்க்கட்டும். பின்னர்ப் பிள்ளைகளோடு பார்க்கட்டும். படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், அந்த மிதிவண்டியைத் திருடியவனும் ஏழைதானே, அவனை என்ன செய்வது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேளுங்கள்.