தோட்டப் பாட்டும் வானொலிப் பாட்டும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலும், அதன் தென்மேற்குச் சரிவாகிய சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிலும் குடியேறிய தமிழ்த் தொழிலாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டு தம் வாழ்வையே பொருளாக வைத்துத் தாமே கட்டித் தாமே பாடிவந்த பாடல்கள் தோட்டப் பாட்டு என்னும் பொதுப்பெயரால் இங்கே குறிக்கப்படுகின்றன. வானொலிப் பாட்டு என்பது, 1950-க்குப் பின்னர் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வாயிலாக அதே ஜனங்களின் செவிகளில் நாள்தோறும் வந்து விழுந்த தென்னிந்தியச் சினிமாப் பாடலாகும். முன்னது பாடுவோனின் சொந்தக் குரல்; பின்னது ஊரெங்கும் ஒலித்த பொதுக் குரல். இவ்விரண்டிற்கும் இடையே நேர்ந்த உறவும் பிணக்கும் மலையகத் தமிழரின் கலாசார சரித்திரத்தில் ஒரு முக்கிய அத்தியாயமாகும்.

நிலமும் தொழிலும்

சப்ரகமுவத்தில், இரத்தினபுரி மாவட்டத்தின் பெல்மதுளை, கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்கான சாலை பிரியும் சந்தியில் அமைந்த சிறு பட்டினம். இதனைச் சூழ்ந்த குன்றுகளில் தேயிலையும் றப்பரும் ஒன்றையொன்று அடுத்துப் பயிராகின்றன. இலங்கையில் தேயிலை வர்த்தகப் பயிராக வேரூன்றியது 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் இட்ட தோட்டத்திலிருந்து. றப்பர் வந்தது 1876-இல் ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து. இவ்விரு பயிர்களுக்கும் வேண்டிய உழைப்பைத் தந்தவர்கள் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட குடும்பங்களாவர்.

தொழிலின் அமைப்பே பாட்டின் அமைப்பையும் பெரும்பாலும் தீர்மானித்தது. தேயிலை மலையில் பெண்கள் நிரை பிடித்து, தோளோடு தோள் நிற்கும் தூரத்தில் கொழுந்து பறிக்கிறார்கள்; ஒருத்தி அடி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டுக்கு அவ்வரிசை இயல்பாகவே இடம் தருகிறது. றப்பர் மலையிலோ பால் வெட்டும் தொழிலாளி, குளிர்ச்சி நீங்கும் முன்பே பால் நன்றாகச் சுரக்கும் என்பதனால், விடியற் கருக்கலிலேயே தனியாகப் புறப்பட்டுவிடுகிறான். முதல் நாள் வெட்டுக்காயத்தில் உறைந்துகிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பட்டையின்மீது கத்தியைச் சாய்வாக இழுத்து, கசியும் வெள்ளைப் பாலைச் சிரட்டைக்குள் வடியவிட்டு, மரத்துக்கு மரம் ஒற்றை ஆளாய் நடந்து, வெயில் ஏறியபின் திரும்பிவந்து சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிச் சேர்க்கிறான். அங்கே கேட்பவர் எவருமில்லை. ஆதலால் அவன் பாட்டு கூட்டப் பாட்டன்று, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பாட்டு. ஒரே தோட்டத்தில், லயம் எனப்படும் ஒரே தொழிலாளர் வரிசைவீட்டில் வாழும் கணவனும் மனைவியும் இருவேறு வகைச் சங்கீதத்துக்கு உரியவர்களாவது சப்ரகமுவத் தோட்டங்களின் விசேஷமாகும்.

பாட்டின் வகைகள்

தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம், தெம்மாங்கு ஆகிய வகைகள் யாவும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூடவே கப்பலேறி வந்தவை. எனினும் அவற்றின் உள்ளடக்கம் இங்கே புதிதாயிற்று. கண்டிச் சீமைக்கு வந்த வழிநடைத் துன்பம், விடியலில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்கு அழைக்கும் தப்புப் பறையின் ஓசை, கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்' என்று அரைநாட் கூலியே போடும் கணக்கப்பிள்ளை, கங்காணியிடம் தீராத கடன், துரையின் கோபம், அட்டைக்கடி, ஓயாத மழை ஆகியவை அனைத்தும் பழைய மெட்டுகளுக்குள் வந்து அமர்ந்தன. தாலாட்டில்கூட மாமன் கொண்டுவரும் சீரைப் பாடும் மரபோடு, தாய் மலைக்குப் போக வேண்டியிருப்பதால் பிள்ளைக் காம்பிராவில் விடப்படும் குழந்தையின் நிலையும் கலந்துவிட்டது.

கூட்டுக் கலைகளில் தலையாயது காமன் கூத்து. மாசி மாத அமாவாசை கழித்துக் காமன் கம்பம் ஊன்றி, மன்மதன் கதையை நாள்தோறும் பாடியாடி, பௌர்ணமியையொட்டிக் காமனைத் தகனம் செய்து முடிக்கும் இவ்விழா, தொழிலாளரே நடிகரும் பாடகரும் வாத்தியக்காரரும் ரஸிகருமாகத் திகழும் தோட்டத்தின் சொந்த நாடக அரங்கமாகும். மன்மதனை இழந்த ரதி பாடும் புலம்பலில், கணவனைக் கொள்ளை நோய்க்கோ கப்பலுக்கோ பறிகொடுத்த பெண்கள் தங்கள் துயரத்தையே கேட்டார்கள் என்பதில் ஐயமில்லை.

பாட்டுப் புத்தகம்

வாய்மொழியாய் இருந்த தோட்டப் பாட்டு, பெயருள்ள கவிஞர்களின் அச்சிட்ட பாட்டாக மாறியது தொழிற்சங்க இயக்கத்தோடுதான். தஞ்சை ஜில்லாவிலிருந்து இலங்கைக்கு வந்து, பத்திரிகாசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் சட்ட சபை உறுப்பினராகவும் விளங்கிய கோ. நடேசய்யர், 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் ஒன்றை ஸ்தாபித்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை, கூட்டங்களில் பாரதியாரின் பாடல்களைப் பாடி ஜனங்களைத் திரட்டியதோடு நில்லாமல், தாமே பாடல்கள் இயற்றி, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் 1940-இல் பிரசுரித்தார். அதற்கு முந்திய 1939-இல், அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டமையும், ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தமையும், இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியமையும் நிகழ்ந்திருந்தன. அந்தக் கொந்தளிப்பே அம்மையாரின் பாடல்களுக்குப் பொருளாயிற்று. ஒரு பெண், தம் பெயரிட்டு, தம் ஜனங்களின் அரசியல் நிலைமையைத் தாமே பாடி, தாமே அச்சிட்டு விநியோகித்த இச்செயல், மலையக சாஹித்தியத்தில் ஓர் ஆரம்பம் எனத் தக்கது.

அவரையொட்டி எஸ். ஆர். எஸ். பெரியாம்பிள்ளை, வி. எஸ். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் முதலிய மக்கள் கவிஞர்கள் தோன்றினார்கள். மலிவான தாளில் சில பக்கங்களே கொண்ட சிறு புத்தகங்களாக இவ்வகைப் பாடல்கள் வெளிவந்தன. பாட்டின் தலைப்பில் அது இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்திருப்பது வழக்கம்; அந்த மெட்டு நாடக மேடையிலிருந்தோ, அக்காலத்துச் சினிமாவிலிருந்தோ எடுக்கப்பட்டதாயிருக்கும். எழுத்தறியாதவரும் தெரிந்த மெட்டின் உதவியால் ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் பாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள இது வழி செய்தது. ஆகவே தோட்டப் பாட்டின் சுதந்திரம் மெட்டில் இல்லை, சொல்லிலேயே இருந்தது என்பது இங்கே கருதத் தக்கது. மெட்டு ஊராருக்கெல்லாம் பொது. அதற்குள் வைத்த வாழ்க்கை மட்டும் பாடுவோனுக்கே உரியது.

வானொலியின் எழுச்சி

கொழும்பில் ஒலிபரப்பு 1925-இல் தொடங்கியபோதிலும், அது சாதாரண ஜனங்களைச் சென்றடைந்தது 1950-இல் ஆரம்பமான வர்த்தக சேவையின் பின்னரேயாகும். 1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் ரஸனையைக் கெடுக்கும் என்ற அபிப்பிராயத்தினால் அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தமை, இலங்கை வானொலிக்கு எதிர்பாராத பெருவாழ்வைத் தந்தது. 1957-இல் 'விவித பாரதி' தோன்றும் வரையில், சினிமாப் பாட்டைத் தேடிய இந்திய ஜனங்களுக்குக் கொழும்பே கதியாயிற்று. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பிரசித்தமாயிற்று. டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்த காலத்தில், மின்சாரம் எட்டாத லயக் காம்பிராக்களிலும் அக்குரல் கேட்கலாயிற்று.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. நாடிழந்து, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரஜாவுரிமையும் இழந்து, லயத்தின் நான்கு சுவருக்குள் அடைபட்ட ஒரு ஜனசமூகத்துக்கு, தமிழ் என்னும் பெரிய உலகத்தோடு தொடர்பு கொடுத்த கயிறு அந்த வானொலியே. ஆனால் அப்பெட்டியில் ஒலித்த நூறு பாடல்களில் ஒன்றிலேனும் கொழுந்துக் கூடையோ, பால் வாளியோ, பிரட்டுத் தப்போ இடம்பெறவில்லை. வானொலியில் வருவதே பாட்டு, தாய் பாடுவது வெறும் முணுமுணுப்பு என்ற மனப்பான்மை இளந்தலைமுறையினரிடம் ஊன்றிப்போனது இதன் பெருந்தீமையாகும்.

சொந்தக் குரலை நாடிய பிறர்

இறக்குமதியான இசைப் பிரவாகத்துக்கு எதிரே தன் மண்ணின் பாட்டைத் தானே ஆக்க வேண்டுமென்ற வேட்கை, தோட்டத்துக்கு வெளியேயும் அக்காலத்தில் எழுந்தது. ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 1960-களின் நடுவில் இரத்தினபுரியிலேயே தொடங்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு, ஹிந்தி மெட்டுகளைப் பின்பற்றாமல், கிட்டார் கொண்டு சொந்த மெட்டமைத்துச் சிங்கள இசையில் புது வழி வகுத்தது. தமிழில் நித்தி கனகரத்தினம், தாமே எழுதி மெட்டமைத்த 'சின்ன மாமியே' போன்ற பாடல்களால் இலங்கைத் தமிழ்ப் பொப் இசைக்கு அடிகோலினார்; ஏ. ஈ. மனோகரன் அவ்விசையைக் கடல் கடந்தும் பரப்பினார். இவர்களுடைய வெற்றி பெரிது. எனினும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் கடற்கரைப் பைலாவும் பெற்ற அரங்கத்தைத் தோட்டத்துத் தெம்மாங்கு பெறவில்லை.

ஒரு வெளிநாட்டு ஒப்புமை

அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசையும் மலைப்பகுதிக் குடியானவரும் சுரங்கத் தொழிலாளரும் பாடிய பாட்டிலிருந்தே தோன்றி, பின்னர் நாஷ்வில் நகரத்து இசைக் கம்பெனிகளின் வசப்பட்டது. கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவரும், கடற்படையிலும் ரயில்வேயிலும் ஊழியம் செய்தவருமான ஸ்டர்ஜில் சிம்ப்சன், தம் மகனுக்கு எழுதும் கடிதத்தின் பாவனையில் அமைத்து, தாமே தயாரித்து, 2016-இல் வெளியிட்ட 'ஏ செய்லர்ஸ் கைட் டு எர்த்' என்னும் தொகுப்பைக் கன்ட்ரி வானொலி நிலையங்கள் பெரும்பாலும் புறக்கணித்தன. அத்தொகுப்போ 2017-இல் சிறந்த கன்ட்ரி தொகுப்புக்குரிய கிராமி விருதைப் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா நடந்த மண்டபத்துக்கு வெளியே, கிட்டார்ப் பெட்டியில் விருதை வைத்துக்கொண்டு தெருவில் நின்று அவர் பாடினார். வானொலி மறுத்தபோது அவருக்குத் தொகுப்பும், விருதுச் சபையும், தெருவும் இருந்தன. பெல்மதுளையில் பால் வெட்டியவனுக்கு இவற்றுள் ஒன்றுமே இருந்ததில்லை. ஆதலால் அவன் பாட்டு அவனோடு மறைந்தது.

தொகுப்பும் இழப்பும்

அவ்வாறு மறையாமல் எஞ்சியதைக் காத்தவர்கள் தொகுப்பாளர்களே. புண்டலுஓயா மடகும்புர தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகப் பாடல்களைத் திரட்டினார். அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாயின. நடேசய்யரின் வாழ்க்கையை எழுதிய சாரல்நாடன், மலையக வாய்மொழி இலக்கியத்தையும் ஆராய்ந்து எழுதினார்.

இழப்பு அதனினும் பெரிது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தபோது, பாடியவரும் கேட்டவரும் பிரிந்தனர்; பாட்டுகளிற் பல நீலகிரித் தோட்டங்களுக்குச் சென்றுவிட்டன. சப்ரகமுவத்தில் நிலைமை மேலும் கொடிது. 1977-லும், 1981 ஆகஸ்டிலும் நிகழ்ந்த இன வன்செயல்களில், இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்ட லயங்கள் எரிக்கப்பட்டு, குடும்பங்கள் வவுனியா முதலிய இடங்களுக்கு அகதிகளாய்ச் சிதறின. காமன் கம்பம் ஊன்ற ஓர் ஊரும், ஒப்பாரிக்கு ஓர் உறவுக் கூட்டமும் வேண்டும். ஊர் கலைந்த இடத்தில் பாட்டும் கலைந்தது.

மதிப்பீடு

சினிமாப் பாட்டைக் கேட்டதனால் தோட்டப் பாட்டு அழிந்தது என்று சொல்வது முழு உண்மையாகாது. அதே சினிமா மெட்டில்தானே பாட்டுப் புத்தகக்காரர்கள் தங்கள் நியாயத்தைப் பாடினார்கள்! பாடுவோருக்கு நிலையான குடியிருப்பையும், பாட்டுக்கு ஒலிப்பதிவையும், அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளிக்கூடத்தையும் மறுத்த சமூக நிலைமையே முதற்காரணம். அந்த வெற்றிடத்தில் வானொலி வந்து அமர்ந்தது என்பதே பொருந்தும். நூல்களாய் வந்த தொகுப்புகள் சொல்லைக் காத்தனவேயன்றிக் குரலைக் காக்கவில்லை. நிரையில் நின்று பாடிய தலைமுறையின் கடைசிப் பெண்கள் சிலர் பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, தெஹியோவிட்டைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். கையடக்கத் தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட இக்காலத்தில், சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் மாணவர்களும், பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தேதியையும் குறித்து, அவர்கள் குரலிலேயே இப்பாடல்களைப் பதிந்து வைப்பார்களாயின், எந்த வானொலியும் செய்யாத காரியத்தைச் செய்தவர்களாவார்கள்.