புல்லட்டை மாற்றியது யார்? – ஒரு வடசென்னை வண்டியின் கதை

திருவொற்றியூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மனும்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் பிரியர்களைக் கேட்டால் வேறு ஒரு பதில் வரும். "டுக்... டுக்... டுக்..." தெருமுனையில் திரும்பும் முன்பே வருவது இன்னதென்று சொல்லிவிடும் அந்தச் சத்தம் இந்த ஊரில்தான் பல பத்தாண்டுகளாகத் தயாரானது. ஆம், புல்லட்!

புல்லட்டைப் பற்றி ஒரு விசித்திரமான உண்மை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதை வைத்திருப்பவர்கள் குறைவு. சைலன்சர், ஷாக் அப்சார்பர், ஹேண்டில் பார், சீட், இக்னிஷன் என்று ஏதாவது ஒன்றை மாற்றாமல் பலருக்குத் தூக்கம் வராது. இது வெறும் ஆடம்பரமா? இல்லை என்கிறது வரலாறு. இந்த வெளி ஆட்களின் கைவேலை இல்லாமல் போயிருந்தால் புல்லட் இன்று அருங்காட்சியகத்தில் மட்டும் இருந்திருக்கக்கூடும்.

சஸ்பென்ஷனில் பிறந்த வண்டி

1940களில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. பின்சக்கரம் நேராகச் சேஸிஸில் பொருத்தப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் காப்பாற்ற வேண்டும். மற்றது ஓட்டுபவரின் முதுகெலும்பின் பாடு!

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் புதிய 350 சிசி புல்லட்டில் ஸ்விங் ஆர்ம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு முனையில் கீல்போல அசையும். மறுமுனையை இரு பக்கமும் ஷாக் அப்சார்பர்கள் தாங்கும். 1948-ல் இந்த மாதிரி வண்டிகளை அந்த நிறுவனம் கோல்மோர் டிரயல் என்ற கரடுமுரடான பாதைப் போட்டியில் இறக்கியது. சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் போட்டிக்குப் பின்சக்கரம் மேலும் கீழும் ஆடுவது சரிப்படாது, பிடிமானம் போய்விடும் என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். வாதம் அத்துடன் முடிந்தது.

ஆக, நாம் பழமையின் அடையாளமாக நினைக்கும் புல்லட் பிறந்தபோது புதுமையின் அடையாளமாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மெட்ராசுக்கு வருவோம்.

திருவொற்றியூருக்கு வந்த கதை

எல்லைக் காவலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய அரசு, 1950களின் நடுவில் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு இது மிகப் பெரிய ஆர்டர். இதைத் தொடர்ந்து 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. 1956-ல் திருவொற்றியூர் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தயாரான வண்டிகள் 163 மட்டுமே! பிறகு இயந்திரங்களும் அச்சுகளும் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின.

அந்த வட்டாரமே அப்போது வேகமாக மாறிக்கொண்டிருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள். திருவொற்றியூரிலேயே எம்.ஆர்.எப். பலூன் செய்யும் கொட்டகையாக 1946-ல் தொடங்கிய எம்.ஆர்.எப்., 1952-ல் டிரெட் ரப்பர் செய்ய ஆரம்பித்தது. தேய்ந்த டயரின் மேல் ஒட்டி அதற்கு மறு ஆயுள் தரும் ரப்பர் அது. சொந்த டயர் வந்தது 1961-ல்தான். அதாவது, ஒரு பெரிய டயர் நிறுவனம் வேரூன்றியதே வேறு யாரோ விற்ற டயருக்குப் பிற்பாடு தேவைப்பட்ட ஒரு பொருளை விற்றுத்தான். வண்டி விற்ற பிறகு உருவாகும் இந்தச் சந்தையைத்தான் வணிகத்தில் ஆஃப்டர் மார்க்கெட் என்கிறார்கள்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் நிலைமை தலைகீழானது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. தாய் இறந்துவிட்டாள், பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்துகொண்டிருந்தது.

மாறாத வண்டி

வளர்ந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. எண்ணிக்கைதான் வளர்ந்தது, வண்டி அப்படியே நின்றது. 346 சிசி வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், தனியாகப் பூட்டிய நான்கு கியர் பெட்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் இக்னிஷன், டிரம் பிரேக். 18 குதிரைசக்தி. 1950களின் வடிவமைப்பு சின்னச் சின்ன மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் ஓடியது.

ஏன் மாற்றவில்லை? காரணம் எளிது. இறக்குமதிக்குக் கடுமையான தடைகள் இருந்த காலம் அது. போட்டிக்கு ஜாவாவும் (பின்னாளில் யெஸ்டி) ராஜ்தூத்தும்தான். ராணுவமும் போலீசும் தவறாமல் வாங்கும் வாடிக்கையாளர்கள். அப்படியிருக்க, செலவு செய்து மாற்ற வேண்டிய அவசியம் நிறுவனத்துக்கு இல்லை.

அவசியம் இருந்தது ஓட்டுபவர்களுக்கு. எனவே மாற்றும் வேலையை அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மெக்கானிக்குகளின் காலம்

திருவொற்றியூரிலிருந்து மேற்கே சற்றுத் தூரத்தில், செங்குன்றத்தைத் தாண்டி இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை தென்னிந்தியாவின் வேகப் பிரியர்களுக்குச் சோழவரம்தான் மெக்கா. வெளிநாட்டுப் பாகங்களை எளிதில் வாங்க முடியாத அந்த நாளில், இருப்பதை ராவியும் கடைந்தும் பற்றவைத்தும்தான் வேகம் சேர்க்க வேண்டும். பந்தயத்துக்காகக் கற்ற வித்தை மெல்ல மெல்லத் தெருவுக்கும் வந்தது.

பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். புதுப் பொருளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. லேத் பட்டறைக்கு வடசென்னையில் பஞ்சமே இல்லை. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த பட்டறைகளுக்கு ஒரு புஷ் கடைந்து கொடுப்பது பெரிய வேலையா என்ன?

புல்லட்டில் என்னென்ன மாற்றினார்கள் என்று பார்த்தால், வண்டியின் பலவீனங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

முதலில் இக்னிஷன். பாயிண்ட் தேய்ந்தால் டைமிங் மாறும். டைமிங் மாறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். எத்தனையோ கணுக்கால்கள் இதற்குச் சாட்சி! பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை விட்டது.

அடுத்து பிக் எண்ட். கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருந்தது சுற்றும் புஷ். நிதானமாக ஓட்டினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக முறுக்கினால் ஆயில் போதாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் ரோலர் பேரிங் வைப்பதும், ஆயில் பம்பைப் பெரிதாக்குவதும் பழைய வைத்தியம்.

மூன்றாவது, சஸ்பென்ஷன். இங்கேதான் பலர் தவறு செய்தார்கள். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் வண்டி நன்றாக நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. ஒருமுறை அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தானாக நிற்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது துள்ளலின் சக்தி சூடாக மாறிக் கரைகிறது. மோசமான சாலையில் தொடர்ந்து ஓட்டினால் ஆயில் நுரைத்து ஷாக் வேலை செய்யாமல் போகும். கேஸ் ஷாக்கில் நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்திருப்பது அந்த நுரையைத் தடுக்கத்தான்.

கன்டெய்னர் லாரிகள் குழிபறித்த எண்ணூர் சாலையில், ஒல்லியான ஒருவர் கடினமான ஸ்பிரிங்கோடு போனால் சக்கரம் சாலையில் இருப்பதைவிட ஆகாயத்தில் இருக்கும் நேரம்தான் அதிகம். சக்கரம் தரையில் இல்லாதபோது பிரேக்குக்கு என்ன வேலை? தொழிற்சாலை ஒரு சராசரி எடையை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங் வைக்கிறது. அமெரிக்காவில் மணல்மேடுகளில் ஓடும் நான்கு சக்கர ஸ்போர்ட் குவாடு வண்டியானாலும் சரி, வடசென்னை புல்லட்டானாலும் சரி, ஓட்டுபவரின் எடைக்கும் ஓடும் பாதைக்கும் ஏற்ற ஷாக்தான் நல்ல ஷாக். விலை அதிகமான ஷாக் அல்ல.

கடல் தாண்டிய புல்லட்

1977-ல் என்ஃபீல்டு இந்தியா புல்லட்டை பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் பிறந்து, அங்கே செத்துப்போன வண்டி, திருவொற்றியூரிலிருந்து கப்பலேறித் திரும்பிப் போனது! பழைய வண்டிப் பிரியர்கள் ஆசையோடு வாங்கினார்கள். அங்குள்ள வேகத்துக்கும் சாலைக்கும் அது போதவில்லை என்பதும் விரைவில் தெரிந்தது.

வாங்கியவர்கள் வண்டியைத் தூக்கிப் போடவில்லை. பாகங்களை மாற்றினார்கள். ஹிட்ச்காக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ராயல் என்ஃபீல்டு பாகங்களுக்கென்றே பெயர் பெற்றது. பெரிய பிஸ்டன், ரோலர் கிராங்க், ஆயில் பம்ப் என எல்லாம் அங்கே கிடைத்தன. வின்சென்ட் என்ஜினுக்குத் தனிச் சேஸிஸ் செய்து புகழ்பெற்ற சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் எக்லி, இந்திய புல்லட்டின் என்ஜினையும் பெரிதாக்கிக் காட்டினார். ராயபுரத்து மெக்கானிக்கும் சுவிஸ் பொறியாளரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வண்டியின் ஒரே குறைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலை கற்றுக்கொண்ட பாடம்

1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்து இறங்கின. டிவிஎஸ் சுசுகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100... குறைந்த எடை, நல்ல மைலேஜ், ஒரே உதையில் ஸ்டார்ட். புல்லட் திணறியது. 1994-ல் ஐஷர் நிறுவனம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்கியது. அதன் பிறகும் சில ஆண்டுகள் இந்த வியாபாரத்தை நடத்துவதா, மூடுவதா என்ற கேள்வி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பிழைத்தது எப்படி? வெளியே மெக்கானிக்குகள் செய்துவந்ததை நிறுவனமே செய்யத் தொடங்கியது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஐந்து கியர் வந்தது. 2009-ல் இந்தியாவில் அறிமுகமான கிளாசிக்கில் என்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றாயின. கியர் இடது காலுக்கு வந்தது. 2013-ல் வந்த கான்டினென்டல் ஜிடி 535-ஐப் பாருங்கள். சேஸிஸ் வடிவமைப்பு இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ், பிரேக் பிரெம்போ, பின்ஷாக் பையோலி, டயர் பிரெல்லி. வெறியர்கள் கைக்காசு போட்டு மாற்றும் பட்டியல் அப்படியே ஷோரூமுக்கு வந்துவிட்டது! 2015-ல் ஹாரிஸ் நிறுவனத்தையே ராயல் என்ஃபீல்டு வாங்கியது. 2016-ல் வந்த ஹிமாலயனில் பின்பக்கம் ஒற்றை மோனோஷாக், 180 மி.மீ. அசைவு. 1948-ல் கரடுமுரடான பாதையில் தொடங்கிய சஸ்பென்ஷன் கதை ஒரு சுற்று சுற்றி அதே பாதைக்குத் திரும்பியது. 2014-ல் நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆனால் வளர்ச்சி தெற்கே போனது. 2013-ல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. பெட்ரோல் டேங்கில் தூரிகையால் கைவீச்சில் தங்கக் கோடு இழுக்கும் கலைஞர்களால் பெயர் பெற்ற திருவொற்றியூர், இந்தக் கதையின் மையத்திலிருந்து விலகியது.

இனி யார் மாற்றலாம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ளவை வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்தபின், சைலன்சரை மாற்றினால் புகையைச் சுத்தம் செய்யும் பகுதியே போய்விடுகிறது. என்ஜினின் மூளை கணினிக்குள் போய்விட்டதால் ஸ்குரூ டிரைவரோடு நிற்கும் மெக்கானிக்குக்கு அங்கே நுழைய வழியில்லை. அதே 2020-ல், வண்டி புக் செய்யும்போதே பிடித்த பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுவனமே கொண்டுவந்தது. மாற்றலாம், ஆனால் எங்களிடமே வாங்கி மாற்றுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நள்ளிரவில் குழந்தைகளை எழுப்பும் சைலன்சரையும், யாரோ தப்பாகப் பற்றவைத்த சேஸிஸையும் எந்த ஊரும் தாங்காது. அதே நேரம், தொழிற்சாலை தூங்கிய பல ஆண்டுகள் ஒரு வண்டியைச் சாலையில் வைத்திருந்தது யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ராயல்டி கிடையாது, பேட்டன்ட் கிடையாது, நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. கறுத்துப்போன விரல்களும் ஒரு மரப்பெட்டி ஸ்பானரும்தான் மிச்சம்.

அடுத்த முறை "டுக் டுக்" சத்தம் கேட்டால், பெட்ரோல் டேங்கில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். எழுதப்படாத பெயர்கள் அந்த வண்டிக்குள் நிறைய இருக்கின்றன!