முதற் கடியும் நம்மவர் மௌனமும்

பங்சார் என்று இன்று நாம் வழங்கும் பெயர், பங்ஜ், கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் ஒட்டிப் பிறந்தது என்பர். அவர்கள் பெயர் தாங்கிய ரப்பர்த் தோட்டம் அம்மேட்டு நிலத்தில் இருந்தது. விடியுமுன் எழுந்து, பால்வெட்டுக் கத்தியைக் கையிலேந்தி, பனியிலும் சேற்றிலும் அம்மரங்களிடையே நடந்தவர் நம்மவர். பின்னர் மரங்கள் போயின, லயங்கள் போயின, அவ்விடத்தே மதில்களும் இரும்புக் கதவுகளும் மாளிகைகளும் எழுந்தன. நம்மவரோ முற்றிலும் போய்விடவில்லை. புல் வெட்டுவோராயும், காவற்காரராயும், கடிதமும் சாமானும் கொண்டு சேர்ப்போராயும் அக்கதவுகளின் முன் இன்றும் நிற்கின்றனர். அக்கதவுகளிற் பலவற்றில் நாயின் தலை வரைந்த பலகையொன்று தொங்குகிறது.

அந்நாய் பாய்ந்து ஒருவன் காலைக் கவ்விவிட்டால் நடப்பது யாது? வீட்டார் ஓடி வருகின்றனர். "இதுவரை ஒருவரையும் கடித்ததில்லையே!" என்று வியக்கின்றனர். ஐம்பது வெள்ளியோ நூறு வெள்ளியோ கையில் திணித்து, மருந்து போட்டுக்கொள்ளச் சொல்லுகின்றனர். கடிபட்டவனும் 'பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கேன்' என்றெண்ணி நொண்டிக்கொண்டே வீடு திரும்புகிறான். இஃது எவர்க்கும் புதிய செய்தியன்று. ஆயினும், வீட்டார் சொன்ன அவ்வொரு வாக்கியத்துள் முந்நூறாண்டுச் சட்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது என்பதையும், கடிபட்டவனுடைய மௌனம் அடுத்துக் கடிபடப் போகிறவனுக்கு எத்துணைத் தீங்கு செய்கிறது என்பதையும் நம்மவரிற் பலர் அறியார். அதனை எடுத்துரைக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

நாய்க்கடிக்கு ஈடு செய்ய வேண்டியவர் யார் என்னும் கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததன்று. ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன் மெசபொத்தாமிய நாட்டில் எஷ்ணுன்னா என்னும் நகர அரசொன்று இருந்தது. அதன் சட்டங்கள் பொறித்த களிமண் பலகைகள் 1945ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் பாக்தாத் நகருக்கு அண்மையில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் நாயைப் பற்றியும் ஒரு விதியுண்டு. நாய் பொல்லாதது என்று ஊர் அதிகாரிகள் உடையவனுக்கு அறிவித்த பின்னும் அவன் அதனைக் கட்டுக்குள் வையாதிருக்க, அது ஒருவனைக் கடித்துக் கொன்றால், உடையவன் 40 ஷெக்கல் எடையுள்ள வெள்ளி கொடுத்தல் வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 ஷெக்கல் போதும்.

இதில் இரண்டு பாடங்கள் உள. கடித்த வாய் ஒன்று; பட்ட வேதனை ஒன்று; விலை மட்டும் வேறு. அக்காலத்துக் கொடுமை இஃது என்று நாம் எளிதிற் கூறிவிடலாம். ஆனால், ஐம்பது வெள்ளியை வாங்கிக்கொண்டு திரும்பும் தொழிலாளியின் காலுக்கும், அதே நாய் ஓர் உத்தியோகஸ்தரைக் கடித்திருந்தால் அவர் கேட்டிருக்கக் கூடிய தொகைக்கும் உள்ள தூரத்தை எண்ணினால், அக்கொடுமை முற்றிலும் ஒழிந்ததென்று சொல்ல நா எழுமா? இரண்டாவது பாடம், 'அறிவித்த பின்னும்' என்னும் நிபந்தனை. நாய் பொல்லாதது என்பதை யாரோ ஒருவர் முன்னமே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதிருந்தால் அவ்விதிக்கு வேலையில்லை.

பாரத நாட்டுப் பழைய நூல்களிலும் இதன் சாயல் உண்டு. கோரைப்பல்லோ கொம்போ உடைய விலங்கு ஒருவனைத் தாக்கும்போது, விடுவிக்க வல்லமை இருந்தும் வாளாவிருந்த உடையவனுக்குத் தண்டம் விதிக்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. தாக்குண்டவன் கூவி அழைத்தும் வாராதவனுக்குத் தண்டம் இரு மடங்கு. கூக்குரலுக்கு அங்கே அத்துணை மதிப்பு! நம் தமிழகத்து மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் இலர். அக்கதையிலும் கன்றை இழந்த பசு மூலையிற் படுத்து அழவில்லை. அரண்மனை மணியை அடித்தது. மணி அடிக்கப்பட்ட பிறகே நீதி வெளியே வந்தது.

இனி, மலேசியாவில் நம்மை ஆளும் சட்டத்துக்கு வருவோம். இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1937ஆம் ஆண்டின் சட்டமொன்று ஆங்கிலப் பொதுச் சட்டத்தைக் கொணர்ந்தது. பின்னர் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாளன்று இங்கிலாந்தில் வழங்கிய பொதுச் சட்டத்தை, இந்நாட்டு நிலைமைக்கு ஏற்ற அளவில் தீபகற்ப மலேசியாவில் கைக்கொள்ளச் செய்தது. ஆகவே, பங்சாரில் ஒருவன் கடிபட்டால், இலண்டன் நீதிபதிகள் முன்னாளிற் கூறிய தீர்ப்புகளும் அவ்வழக்கிற் பேசப்படும்.

அத்தீர்ப்புகள் கூறுவது என்ன? புலி, சிங்கம் முதலிய காட்டு விலங்குகளை வளர்ப்பவன், அவை செய்யும் தீங்குக்குக் காரணம் கேளாமலே பொறுப்பாளி. நாயோ வீட்டு விலங்கு. இயல்பிற் சாதுவானது என்பது சட்டத்தின் எண்ணம். ஆதலின், இந்நாய் பொல்லாதது என்பதை உடையவன் முன்னரே அறிந்திருந்தான் என்று கடிபட்டவனே ருசுப்படுத்த வேண்டும். 1699ஆம் ஆண்டில் மேசன் என்பவர் கீலிங் என்பவர்மேல் தொடுத்த வழக்கிலேயே இக்கொள்கை பேசப்பட்டது. 1746ஆம் ஆண்டின் ஸ்மித் வழக்கில், ஒருமுறை ஒருவனைக் கடித்த நாய் என்று தெரிந்தும் உடையவன் அதனைத் திரிய விட்டானாயின், பின்னர் ஒருவன் தற்செயலாய் அதன் காலை மிதித்துக் கடிபட்டிருந்தாலும் உடையவனே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. முதற் கடி தெரிந்தபோதே அந்நாயை ஒழிக்காதது அவன் குற்றமாம்.

'இதுவரை ஒருவரையும் கடித்ததில்லையே' என்னும் சொல்லின் பொருள் இப்பொழுது விளங்கும். அது வெறும் வியப்பன்று. கோர்ட்டில் நிற்கக் கூடிய எதிர்வாதம். முன்னர் ஐவர் கடிபட்டு, ஐவரும் நோட்டை வாங்கி மடியிற் செருகிக்கொண்டு போயிருந்தால், ஆறாமவன் வழக்கில் அந்நாய் குற்றமற்ற பிராணியாய் நிற்கும். அதனைக் குற்றமற்றதாக்கியவர் யார்? உடையவன் மட்டுமன்று, மௌனமாயிருந்த அவ்வைவருங்கூட!

இக்கொள்கையின் குறையை இங்கிலாந்தே உணர்ந்தது. ஆனால் முதலில் யாருக்காக உணர்ந்தது தெரியுமா? ஆடுமாடுகளுக்காக! 1865ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பார்லிமெண்டு இயற்றிய நாய்ச் சட்டம், ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால் உடையவன் முன்னறிந்திருந்தான் என்று நிரூபிக்க வேண்டுவதில்லை என்றது. மனிதன் கடிபட்டால் மட்டும் பழைய நிபந்தனையே நின்றது. ஆட்டுக்கு வாயில்லை, ஆயினும் ஆட்டுக்கு உடையவனுக்குப் பார்லிமெண்டில் வாயிருந்தது. 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்து இச்சட்டத் துறையைப் புதிய சட்டமொன்றால் மாற்றியமைத்தது. அதுவோ 1956க்குப் பிற்பட்டதாகலின் நமக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ, முதற் கடியா இரண்டாங் கடியா என்று கேளாமலே உடையவனைப் பொறுப்பாளியாக்கும் விதியை 1931ஆம் ஆண்டிலேயே செய்துகொண்டது.

கதவில் தொங்கும் பலகையைப் பற்றியும் ஒரு சொல். பலகை தொங்கவிட்டால் பழி தீர்ந்தது என்று வீட்டார் நினைக்கின்றனர். 1830ஆம் ஆண்டில் சார்ச் என்பவர் பிளாக்பர்ன் என்பவர்மேல் தொடுத்த வழக்கில் 'நாய் ஜாக்கிரதை' என்னும் பலகை இருந்தது. கடிபட்டவருக்கோ எழுத்து வாசனை இல்லை. படிக்கத் தெரியாதவனுக்குப் பலகை எச்சரிக்கையாகாது என்பது அவ்வழக்கிற் கண்ட நியாயம். ஆனால், 1794ஆம் ஆண்டு வழக்கொன்றில், முற்றத்தை அடைத்துக் காவல் நாயை அவிழ்த்துவிட்ட பிறகு உள்ளே புகுந்தவனுக்கு ஈடு மறுக்கப்பட்டது. எனவே, கடிபட்டவன் முறையாக வந்தவனா, அத்துமீறி நுழைந்தவனா என்பது பெரிய கேள்வி. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளினின்றும் இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும் கேட்டனர். வழியில் நிமிர்ந்து செல்வதும், ஒரு வாசலுக்கு உரிமையோடு வருவதும் சிறு காரியங்களல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

முதற் கடிக்கே பரிகாரமில்லையோ என்று வாசகர் மனம் தளர வேண்டாம். வழிகள் உள. முதலாவது, முன்னர்க் கடித்ததாக நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. மனிதர்மேல் கடிக்கப் பாய்வது அதன் வழக்கம் என்று உடையவன் அறிந்திருந்தாலே போதும். நாயைப் பராமரிக்கும் வேலையாள் அறிந்திருந்தால் எஜமானனும் அறிந்ததாகவே கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டு வழக்கொன்றில் தீர்ப்பாயிற்று. இரண்டாவது, கவனக்குறைவு. கதவைத் திறந்து போட்டது, அறுந்த சங்கிலியை மாற்றாதது போன்ற அஜாக்கிரதையினால் கடி நேர்ந்ததென்று காட்டினால், நாயின் பழைய ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சின்றியே வழக்குத் தொடரலாம். 1932ஆம் ஆண்டிலேயே பிரபுக்கள் சபை இவ்வழியை ஒப்புக்கொண்டது.

மூன்றாவது, குற்றவியற் சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தினின்று இந்நாட்டுக்கு வந்த 289ஆம் பிரிவு, தன்னிடமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தக்க காவல் செய்யத் தவறியவனைத் தண்டிக்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இது வெறும் ஏட்டு விஷயமன்று. 2012ஆம் ஆண்டில் சுபாங் ஜெயாவில் காலையில் வெளியே சென்ற முதியவரொருவர் வளர்ப்பு நாயொன்றால் கடியுண்டு இறந்ததை நாடறியும். அபராதம் அரசாங்கத்தைச் சேரும் என்பது உண்மையே. ஆனால் குற்றம் உறுதியானால், அரசாங்க வழக்கறிஞர் கேட்டுக்கொள்வதன் பேரில், கடிபட்டவனுக்கு ஈடு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடச் சட்டத்தில் இடமுண்டு. நான்காவது, வேலை செய்யும்போது கடிபட்ட தொழிலாளி, 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்கேசோவிடம் விண்ணப்பிக்கலாம். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதனுட் சேர்க்கப்பட்டனர்.

உடையவனில்லாத தெருநாய் கடித்தால் நகராட்சியைப் பொறுப்பாக்குதல் கடினம், முடியாததன்று. இந்தியாவில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம், 2023ஆம் ஆண்டு நவம்பரில், பொறுப்பு முதலில் அரசினுடையதே என்று கூறி, பற்குறி ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று அளவும் விதித்தது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டாது; ஆயினும் வாதாடுவோருக்கு வழி காட்டும்.

ஈடு பற்றிப் பேசுமுன் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். வெறிநாய்க் கடிக்கு மருந்தில்லாதிருந்த காலம் உண்டு. 1885ஆம் ஆண்டில் பிரான்சில் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுப் புதுவழி கண்டார். 1907ஆம் ஆண்டில் நம் நீலகிரிக் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. 1952ஆம் ஆண்டில் கோலாலம்பூர் வட்டாரத்தில் அந்நோய் பரவியபோது நாய்களுக்குக் கட்டாய ஊசி போட்டு அடக்கினர். 2012ஆம் ஆண்டில் அந்நோயற்ற நாடு என்று மலேசியா பெயர் பெற்றது; ஆனால் 2015ஆம் ஆண்டில் வடமாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் அது மீண்டும் தலைகாட்டியது. ஆகையால், கடிபட்டவுடன் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் புண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுக. மஞ்சளையும் காப்பித்தூளையும் அப்பிக்கொண்டு வீட்டிற் கிடவாதீர்.

பின்பு போலீசில் புகார் எழுதுக, நகராட்சிக்கும் தெரிவிக்குக. புண்ணைப் படமெடுத்து வைக்குக. கண்டவர் பெயரைக் குறித்துக்கொள்ளுக. மருந்துச் சீட்டையும், வேலைக்குப் போகாத நாட்கூலிக் கணக்கையும் பத்திரப்படுத்துக. அக்கம்பக்கத்தில் அந்நாய் முன்னர் யாரையேனும் விரட்டியதுண்டா என்று விசாரிக்குக. செலவான பணமும் இழந்த கூலியும் மட்டுமன்றி, பட்ட வேதனைக்கும் நின்ற வடுவுக்கும் ஈடு கேட்கலாம். தனியார்மேல் வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு தவணையுண்டு. நகராட்சி போன்ற அரசு அமைப்பாயின் 36 மாதமே. சிறு கோரிக்கை வழக்குக்கு 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் 5,000 வெள்ளி என வரம்பிட்டன. அதில் வக்கீல் வைக்காமலே வாதி தானே பேசலாம். வசதியற்றவர்க்குச் சட்ட உதவி இலாகாவும், வக்கீல்கள் மன்றத்தின் உதவி நிலையங்களும் உள்ளன. வீட்டாரோடு சமாதானமாய்ப் போவதும் தவறன்று; ஆனால் சமாதானம் எழுத்தில் இருக்கட்டும், புகாரும் பதிவில் இருக்கட்டும்.

நாய்மேல் நமக்குப் பகையில்லை. அது கட்டியிருந்தால் காவல், அவிழ்ந்தால் கடி. குற்றம் கயிற்றைப் பிடித்த கையினுடையது. அக்கை யாருடையதாயினும் அதன் முன் தலைகவிழ வேண்டுவதில்லை. முதலிற் கடிபட்டவன் எழுதிவைக்கும் நான்கு வரி, அவனுக்கு ஒரு வெள்ளிகூடப் பெற்றுத் தராமற் போகலாம். ஆனால் நாளை அதே கதவின் முன் நிற்கப்போகும் மற்றொரு தொழிலாளிக்கோ, பள்ளி செல்லும் குழந்தைக்கோ அதுவே சாட்சி. அந்தச் சாட்சியை ஐம்பது வெள்ளிக்கு விற்காதிருப்போமாக!